கழுத்து திரும்பும் பக்கம்

கோகிலவாணி புகார் கொடுக்கிற ரகமே இல்லை. கேன்டீன் சாம்பாரில் உப்பே விழாத நாளில்கூட, "உப்புப் போடறவரு இன்னிக்கு லீவு போலிருக்குது" என்று சிரித்துவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போகிறவள். அப்பேர்ப்பட்டவள் திங்கட்கிழமை காலையில் கைப்பையைக்கூட வைக்காமல் நேராக வந்து அம்சவேணியின் அறையில் உட்கார்ந்தாள் என்றால், விஷயம் சின்னதாக இருக்க முடியாது.

"அம்மிணி, என்னைய எல்லாரும் பாக்கறாங்க" என்றாள்.

அம்சவேணி அந்த நிறுவனத்தின் திறன் அதிகாரி. யாருக்கு என்ன வேலை தெரியும், எவ்வளவு தெரியும், அதற்கு என்ன மரியாதை செய்யலாம் என்று அளந்து சொல்வது அவள் பொறுப்பு. அழகை அளப்பது அதில் சேர்த்தி இல்லை. "யாருங்க்கா பாக்கறாங்க?" என்று கேட்டாள்.

"புதுசா வந்திருக்கற புள்ளைகதான். பசங்க மட்டும்னா நாலு சத்தம் போட்டு அடக்கியிருப்பேன். பொம்பளப் புள்ளைகளுமல்ல பாக்குது! ஒரு பம்பை முடிக்க வேண்டியது, தலையைத் தூக்கி என் மேசையைப் பாக்க வேண்டியது. மறுபடி ஒரு பம்ப், மறுபடி என் மூஞ்சி. கோயில்ல திரையை விலக்குனாப்பல ஒரு டஜன் பேரு பாத்தா மனுசி எங்க போய் ஒளிஞ்சுக்கறது? நான் என்ன சாமியா?"

அம்சவேணிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கோகிலவாணியின் கண்ணில் ஈரத்தைப் பார்த்ததும் அது அப்படியே அடங்கிவிட்டது.

"வீட்டுக்காரரு போனதுலருந்து தனியா இருக்கறவ நான். பொண்ணும் பெங்களூர் போயாச்சு. ஒருத்தர் என்னைய உத்துப் பாத்தா எனக்கு எப்புடி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? மூஞ்சில ஏதாச்சும் ஒட்டியிருக்குதான்னு நூறு தடவ கண்ணாடி பாத்துட்டேன். புகாருன்னே எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டாள். அந்தப் புகார் எங்கே போய் முட்டும் என்று அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது.

வயலுக்கும் கிணற்றுக்கும் மோட்டார் செய்து பேர் வாங்கிய கோயம்புத்தூர், இந்தக் கதை நடக்கிற காலத்தில் மனிதரின் நெஞ்சுக்குள் வைக்கிற பம்பும் செய்துகொண்டிருந்தது. அன்னூர் சாலையில் இருந்த அருவி நிறுவனம் அப்படிப்பட்ட ஒன்று. பம்ப் பெருவிரல் பருமன்தான் இருக்கும். வெட்டுவது, கடைவது, மெருகேற்றுவது எல்லாம் இயந்திரத்தின் பாடு. உள்ளே சுழல்கிற குட்டிச் சக்கரத்தை அதன் கூட்டில் உட்கார வைப்பது மட்டும் மனிதக் கை. எத்தனையோ இயந்திரங்கள் வந்து முயன்று பார்த்துவிட்டு ஓரமாகப் போய் நின்றுவிட்டன. அந்த வேலையில் வெள்ளிங்கிரியின் கையை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. அவர் முடித்த பம்பை வாங்கி, உள்ளங்கையில் ஓடவிட்டு, அதிர்வைத் தொட்டுப் பார்த்தே சரி அல்லது சரியில்லை என்று பொத்தானை அமுக்குவதில் கோகிலவாணிக்கும் ஆள் கிடையாது.

அருவியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு திறன் ஏணி உண்டு. மொத்தம் ஐந்து படி. கை நயம், கண் கூர்மை, பொறுமை, கூட இருப்பவரோடு ஒத்துப்போவது என்று தனித்தனியாக அளந்து, ஆளை உரிய படியில் ஏற்றுவார்கள். படி ஏற ஏறச் சம்பளம் ஏறும், காலனியில் வீடு கிடைக்கும், விருப்பமில்லாத ஊருக்கு மாற்றல் வராது. வெள்ளிங்கிரி, கோகிலவாணி மாதிரி ஐந்தாம் படிக்குப் போனவர்களுக்கு இன்னொரு பெரிய மரியாதையும் உண்டு. அவர்களுடைய கையையே மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

கையை வெட்டியா கொடுப்பார்கள்? விரலிலிருந்து தோள் வழியாகக் கழுத்து வரை மெல்லிசாக ஒரு உறை. ஐந்தாம் படிக்காரர் அதை மாட்டிக்கொண்டு ஒரு மாதம் வழக்கம்போல வேலை பார்த்தால் போதும். ஒவ்வொரு தசையும் எப்படி இழுத்தது, எங்கே விட்டது என்று உறை படித்துவிடும். அப்புறம் புதிதாக வந்தவர்கள் அதேபோன்ற உறையை மாட்டிக்கொண்டால், அது அவர்கள் தசையை மெதுவாக அதே வழியில் இழுத்துக்கொடுக்கும். சில வாரத்தில் உறையைக் கழற்றினாலும் கை தன்னால் போகும். வருஷக்கணக்கில் வருகிற வேலை ஒரு மழைக்காலத்துக்குள் வந்துவிடும்.

ஏணியைக் கட்டியது அம்சவேணி. அவளுடைய அப்பா ஆயுசு முழுக்க ஒரே லேத்தில் நின்று, யாரிடமும் ஒரு நல்ல வார்த்தை கேட்காமலே ஓய்வு பெற்றவர். அதனால்தானோ என்னவோ, அந்த ஏணியில் யாராவது ஒரு படி ஏறினால் அவளுக்குத் தன் வீட்டு விசேஷம் மாதிரி இருக்கும்.

புகாரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் தளத்துக்குப் போய் நின்று பார்த்தாள். கோகிலவாணி சொன்னதில் ஒரு எழுத்துகூட மிகையில்லை. துளசிமணி என்ற பெண் ஒரு பம்பை முடித்தாள், மூச்சை விட்டாள், வலது பக்கம் நிமிர்ந்து கோகிலவாணியைப் பார்த்தாள், குனிந்தாள். பின்னால் இருந்தவனும் அப்படியே செய்தான். அவனுக்குப் பின்னால் இருந்தவளும்தான்.

"ஏன் கண்ணு, அங்க என்ன பார்வை?" என்று கேட்டாள் அம்சவேணி.

துளசிமணிக்கு முகம் வெளுத்துவிட்டது. "தெரியலீங் மேடம். முடிச்சதும் கழுத்து தானாத் திரும்புதுங். பாத்தாத்தான் அடுத்ததை எடுக்கக் கை வருது. வீட்டுல தோசை சுட்டு எடுத்தாலும் திரும்புதுங். அங்க ஃப்ரிட்ஜ்தான் இருக்குது."

"அக்காவப் பாக்கறப்ப என்ன தோணுது?"

"தப்பா ஒண்ணுமில்லீங் மேடம், சத்தியமா. ஒரு நிம்மதியா இருக்குதுங். நல்லபடியா முடிஞ்சுதுன்னு நம்ம வீட்டுல போய்ச் சொன்னாப்பல. ஆனா அது என்னோட நிம்மதி மாதிரியே இல்லீங். யாரோடதோ மாதிரி இருக்குது."

அந்தக் கடைசி வார்த்தை அம்சவேணிக்குச் சுருக்கென்றது. நேராக மெல்வினிடம் போனாள். மெல்வின் உறைகளைப் பார்த்துக்கொள்கிற பொறியாளன், நாகர்கோவில் பையன், எதையும் பட்டென்று சொல்லிவிடுவான். புதுப் பிள்ளைகளின் உறையில் ஏற்றியிருந்த வெள்ளிங்கிரியின் பதிவைத் திரையில் ஓடவிட்டான்.

"இங்க பாருங்க மேடம். கை வேலை முடியுது. தோள் தளருது. மூச்சு நீளமா ஒண்ணு போகுது. உடனே கழுத்து வலது பக்கம். ஒரு நொடிகூட இல்ல, பழையபடி நேராயிடுது. ஒவ்வொரு பம்புக்கும் இதேதான். ஒண்ணுகூட விடல."

"இதை ஏன் வெட்டாம விட்டே?"

"நல்லாருக்கே! அவரு எப்படிச் செய்யறாரோ அப்படியே வேணும், ஒரு அசைவு குறையக் கூடாதுன்னு ஒத்தக்கால்ல நின்னது யாரு?"

நின்றது அவள்தான். வெள்ளிங்கிரியின் வலது பக்கம் என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. அது கோகிலவாணியின் மேசை என்று அருவியில் எல்லோருக்கும் தெரியும்.

மெல்வின் தலையைச் சொறிந்தான். "மேடம், உங்க விதிப்படி இது நிரூபணமான புகார். கூட வேலை பாக்கிற பெண்ணைத் தொடர்ந்து பாத்தது தெரிஞ்சா, படியிலிருந்து இறக்கணும், வேற ஊருக்கு மாத்தணும். ஓசூர்லதான் ஆள் வேணும்னு கேட்டுட்டு இருக்காங்க. வெள்ளிங்கிரி அண்ணன் ஓசூருக்கா?"

விதியை எழுதியதும் அவளேதான். எழுதியதற்கு இப்போதும் அவள் வருத்தப்படவில்லை. அந்த விதியை வைத்துத்தான் முன்னொரு தடவை ஒரு மேற்பார்வையாளனை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். அவன் பார்வை வேறு. ஆனால் அந்தப் பார்வை வேறு, இந்தப் பார்வை வேறு என்று சொல்ல அவள் யார்? பார்க்கப்பட்டவள்தான் சொல்ல வேண்டும். விதியும் அப்படித்தான் இருந்தது: முழு விவரமும் தெரிந்த பிறகு, புகார் கொடுத்தவரே இதில் தப்பில்லை என்று சொன்னால் விட்டுவிடலாம். முழு விவரம் என்றால், வெள்ளிங்கிரியின் பேரைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் அவரைக் கூப்பிட்டாள். வெள்ளிங்கிரி எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போட்டுக்கொள்கிற மனிதர். தங்கைகளை ஒவ்வொருத்தியாகக் கட்டிக்கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது தலை நரைத்திருந்தது. அப்புறம் கல்யாணம் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

"உக்காருங்கண்ணா."

"இருக்கட்டுமுங்க மேடம்."

அவர் நின்றபடியே திரையைப் பார்த்தார். தன் கழுத்து திரும்புவதை, மறுபடி திரும்புவதை, மறுபடியும் திரும்புவதைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்து போயின.

"பாக்கறது தெரியுமுங்க. இத்தனை தடவைன்னு தெரியாதுங்க" என்றார்.

"எப்பருந்துங்கண்ணா?"

"அவங்க அந்த மேசைக்கு வந்ததுலருந்துங்க. கெட்ட எண்ணம் ஏதுமில்லீங்க. ஒண்ணை முடிச்சா, இது யாரு நெஞ்சுலயோ போய் ஓடப்போகுதுன்னு ஒரு சந்தோசம் வருமில்லீங்களா, அதை யாருகிட்டயாச்சும் சொல்லோணும்னு இருக்குமுங்க. அவங்களைப் பாத்துக்குவேன். சொன்னாப்பல ஆயிருமுங்க."

அம்சவேணி திரையை அணைத்தாள். "நேர்ல சொல்லியிருக்கலாமேங்கண்ணா?"

"சொல்லி, அவங்க மூஞ்சியத் திருப்பிட்டா? அப்பறம் பாக்கறதுக்கும் இல்லாமப் போயிருமுங்களே."

அவர் கையைக் கட்டிக்கொண்டார். "புகார் குடுத்தது அவங்கதானுங்களே? குடுத்தது சரிதானுங்க. அத்தனை புள்ளைகளும் பாத்தா யாருக்கா இருந்தாலும் கூசும். என்னைய ஓசூருக்குத் தாட்டி உட்டுருங்க. படியெல்லாம் வேண்டாம். காரணத்தை மட்டும் அவங்ககிட்டச் சொல்லாதீங்க. அவங்களுக்குத் தெரிஞ்சுதுன்னா அதுக்கப்பறம் நான் அந்தத் தளத்துல உக்காரவே முடியாதுங்க."

"சொல்லாம இருக்க முடியாதுங்கண்ணா. புகார் அவங்களுது."

"அப்ப நான் போனதுக்கப்பறம் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, வந்ததுபோலவே சத்தமில்லாமல் போய்விட்டார்.

அட கெரகமே என்று தலையில் கை வைத்துக்கொண்டாள் அம்சவேணி. ஒரு மனிதர் வாயைத் திறந்து யாரிடமும் சொல்லாததை, கேட்காமல் எடுத்து, ஒரு டஜன் பேர் கழுத்தில் ஏற்றி, அந்தப் பெண்ணின் முன்னாலேயே உட்கார வைத்தாயிற்று. இதற்குப் பேர் மரியாதையாம்! தன் ஏணியைத் தானே எட்டி உதைக்கலாமா என்று வந்தது அவளுக்கு.

இந்தக் கோலத்தில் அவள் இருக்கும்போது ஓசூரிலிருந்து போன் வந்தது. அங்கே அருவியின் இன்னொரு தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்கிற முனிராஜ், நிதானமான ஆள்தான். அன்றைக்கு நிதானம் போயிருந்தது.

"என்னம்மா ஆளுங்களைத் தயார் பண்ணி அனுப்பியிருக்கீங்க? பரிசோதனைப் பிரிவுல எல்லாருக்கும் ஏதோ ஆயிருச்சு. பம்பைக் கையில ஓடவிட்டுப் பாக்கிறாங்க, சரி. பச்சைப் பொத்தானை அமுக்கறதுக்கு முன்னாடி இடது பக்கம் ஒரு பார்வை. அங்க வெறும் சுவருங்க! ஒரு மணல் வாளி மாட்டியிருந்தோம். அதனாலயோன்னு வாளியை எடுத்தேன். அப்பவும் பாக்கிறாங்க. பெயின்ட் மாத்தினேன். அப்பவும்தான். சாமி படம் மாட்டிப் பாத்தேன், எல்லாருக்கும் பக்தி அதிகமாயிருச்சுன்னு பேராச்சே தவிர ஒண்ணும் மாறல. ஒரு வருஷமாப் பொறுத்துப் பாத்துட்டேன். அந்தச் சுவத்துல என்னதான் இருக்கு, நீங்களே சொல்லுங்க!"

"பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டாள். வைத்த கை அப்படியே நின்றது. ஓசூரின் பரிசோதனைப் பிரிவுக்குப் போன வருஷம் கொடுத்தது யாருடைய கை?

சாப்பாட்டு மணி அடித்துத் தளம் காலியானதும் அவள் போய்க் கோகிலவாணியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளங்கையில் பம்ப் இருப்பதாக நினைத்துக்கொண்டாள். பச்சைப் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனாள். இடது பக்கம் திரும்பினாள். நேர் எதிரே, ஒரு தூண்கூட மறைக்காமல், வெள்ளிங்கிரியின் மேசை இருந்தது.

அந்தக் காலித் தளத்தில் தனியாக உட்கார்ந்து அவள் சிரித்தாள். சிரித்து முடித்துப் பார்த்தால் கன்னம் நனைந்திருந்தது.

சாயங்காலம் கோகிலவாணியை அறைக்கு வரச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். வெள்ளிங்கிரியின் விஷயத்தை, ஒளிக்காமல், கூட்டாமல் சொன்னாள். அவர் ஓசூர் போகத் தயாராக இருப்பதையும் சொன்னாள். கோகிலவாணி மடியில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் அது வந்த திசை வேறு.

"அவருகிட்டக் கேட்டீங்களா? இதையும் சேத்து எடுக்கறோம்னு சொன்னீங்களா? வாயத் தொறக்காத மனுசன். அவரு சொல்லோணும்னா சொல்லியிருப்பாரு. சொல்லாததை எடுத்து ஊருக்கே காட்ட நீங்க யாரு அம்மிணி?"

"தப்புதானுங்க்கா. என் தப்புதான்."

"சின்னப் புள்ளைக கழுத்துல ஏத்தி உட்டுருக்கீங்களே, நாளைக்கு அதுக கட்டிக்கப்போறவங்களைப் பாக்கறப்ப எது அதுக பார்வை, எது அவரு பார்வைன்னு எப்புடித் தெரியும்?"

இதை அம்சவேணி யோசித்ததே இல்லை. தலையைக் குனிந்துகொண்டாள். "அதை எடுத்துரச் சொல்லிட்டேனுங்க்கா. இனிமே கேக்காம யாருகிட்டயும் எடுக்க மாட்டோம். ஆனா வெள்ளிங்கிரி அண்ணன் விசயம் உங்க கையிலதான் இருக்குது."

கோகிலவாணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "போகட்டும்" என்றாள். "அவரே போறேன்னா போகட்டும். இந்த வயசுல ஊரு வாயில விழறதுக்கு நம்மளால ஆகாது. நான் என்ன அவரைப் புடிச்சா வெச்சிருக்கேன்?" கடைசி வார்த்தையில் குரல் பிசகியது. எழுந்து கைப்பையை எடுத்தாள்.

போகவிட்டால் முடிந்தது. வெள்ளிங்கிரி ஓசூருக்குப் போய்விடுவார், இவள் இங்கேயே இருப்பாள். தடுத்துச் சொன்னால், ஒருத்தருக்குச் செய்த தப்பையே இன்னொருத்தருக்கும் செய்ததாகிவிடும். அம்சவேணி தவித்துப்போனாள். அப்புறம் இந்தத் தடவையாவது கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"அக்கா, உங்க பதிவுலயும் ஒண்ணு இருக்குதுங்க. எனக்கு மட்டுந்தான் புரிஞ்சுது. வேண்டாம்னா சொல்லலை, இந்த ரூமை விட்டும் போகாது. கேக்கறீங்களா?"

கோகிலவாணி கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றாள். "சொல்லுங்க" என்றாள், திரும்பாமல்.

ஓசூர்ச் சுவரைப் பற்றிச் சொன்னாள். வாளி, பெயின்ட், சாமி படம், எல்லாம் சொன்னாள். தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததையும் சொன்னாள்.

"மணல் வாளியா?" என்றாள் கோகிலவாணி. சிரிக்க ஆரம்பித்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "எனக்கே தெரியாதே அம்மிணி! நான் பாக்கறேன்னு எனக்கே தெரியாதே!" மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "இது அவருக்குத் தெரியுமா?"

"இல்லீங்க்கா."

"சொல்லிப்போடாதீங்க. அவரோடதைத்தான் மிஷினு முந்திக்கிட்டுச் சொல்லிருச்சு. என்னோடதை நானே சொல்லிக்கறேன். புகாரைக் கிழிச்சுப் போடுங்க."

அவள் தளத்துக்குப் போனாள். அம்சவேணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதிகாரி போகலாமா கூடாதா என்றெல்லாம் யோசிக்காமல் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றுகொண்டாள்.

வேலை முடிகிற நேரம். வெள்ளிங்கிரி குனிந்து உட்கார்ந்திருந்தார். அந்த அறையிலிருந்து வந்ததிலிருந்தே அவர் தலையைத் தூக்கவில்லை. ஒரு பம்பை முடித்தார், மூச்சை விட்டார், கழுத்து திரும்பப் போனது. இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அதை நிறுத்தினார். பின் வரிசையில் இருந்த பிள்ளைகள் அவரவர் பம்பை முடித்து, நிமிர்ந்து, ஆளில்லாத கோகிலவாணியின் நாற்காலியைப் பார்த்துவிட்டு, ஏதோ குறைகிறதே என்று முழித்தார்கள்.

கோகிலவாணி அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க" என்றாள். "ஓசூருக்குப் போறீங்களாமா?"

அவர் பதறி எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "ஆமாங்க. இந்த வாரத்துலயே போயிருவேனுங்க. உங்களுக்குச் சங்கடம் பண்ணிப்போட்டேன். மன்னிச்சுக்கோங்க."

"அங்க போய் இருக்க வேண்டாம். புகாரை எடுத்தாச்சு."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு நொடிக்கு மேல், அவளை நேராகப் பார்த்தார். அவளும் முகத்தைத் திருப்பவில்லை.

"ஆனா ஒருநாளைக்கு ரெண்டு பேரும் போய்ட்டு வரலாமுங்க" என்றாள். "அங்க ஒரு செவுரு இருக்குதாமா. அதைப் பாக்கோணும்."

"செவுருங்களா? அதுல அப்புடி என்னங்க இருக்குது?"

"ஒண்ணுமே இல்லீங்க, வெறுஞ்செவுருதான்" என்றாள் கோகிலவாணி. "நீங்க அங்க உக்காந்திருக்கறதா நெனச்சுக்கிட்டு, ஒரு வருசமா அத்தனை பேரும் அதையேதான் பாத்துட்டிருக்காங்களாமா."